பிடில் தெருவின் மரியபாக்கியம்

சென்ற செவ்வாய்க்கிழமை முற்பகலில் ஐந்தாம் வகுப்புக்குப் பாட்டு நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட வேலிக்கு வெளியே சவரிமுத்து அண்ணன் நிற்பது தெரிந்தது. உள்ளே வரச்சொல்லிக் கை காட்டினேன். வரவில்லை. பிள்ளைகளைப் பாடிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு வெளியே போனேன். மதுரை ரயிலில் வந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்திருக்கிறார்.

"பாக்கியம் போயிட்டா வாத்தியாரே," என்றார். "ஞாயித்துக்கிழம சாயங்காலம். நேத்து அங்கேயே அடக்கம் பண்ணியாச்சு. காய்ச்சல்தான். நாலே நாளு."

"சாப்பிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டேன். அவர் அதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். "வர்ற வழியில ஒரு டீ குடிச்சேன்." உள்ளே பிள்ளைகள் பாட்டை முடித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் அண்ணன் மனைவி மரியபாக்கியத்தம்மாளுக்காகப் பூசை வைத்திருக்கிறார்கள். அங்கே எழுந்து பேசினால் பாதியில் எனக்குக் குரல் போய்விடும். அதனால் எழுதுகிறேன். நம் தெருக்காரர்களுக்காகத்தான் எழுதுகிறேன். அவரை நம்மைவிட அதிகம் அறிந்தவர்கள் யாரும் இல்லை.

போடியில் பிடில் செய்யும் தெரு ஒன்று உண்டு என்று மதுரைக் கடைக்காரர்கள் இன்று சொல்கிறார்கள். ஏதோ நூறு வருஷத்துப் பழக்கம் போலச் சொல்கிறார்கள். அது தொடங்கியது நேற்றுப்போல இருக்கிறது. யுத்தகாலத்தில் பிடுங்கிக்கொண்டு போன தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு, போடிக்கு மறுபடி ரயில் வந்ததல்லவா, அந்தச் சமயம். மலையில் ஒரு எஸ்டேட்டிலிருந்து விரிசல் விட்ட சீமை பிடில் ஒன்று ஜீப்பில் இறங்கி என்னிடம் வந்தது. ஊரில் பிடில் வாசிப்பவன் நான் ஒருவன்தான். வாசிக்கத் தெரியுமே தவிர மரவேலை எனக்குத் தெரியாது. ஏலக்காய்க் கடைகளுக்குப் பெட்டி அடித்துக்கொண்டிருந்த சவரிமுத்து அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் அதை ஒட்டிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பாகத்தையும் காகிதத்தில் வரைந்து வைத்துக்கொண்டு, இதுபோல ஒன்றைச் செய்தே தீருவது என்று உட்கார்ந்துவிட்டார்.

தேயிலை இயந்திரங்கள் கப்பலில் வந்த தேவதாருப் பெட்டியை உடைத்து மேல்பலகை. மலையில் கிடைக்கும் சந்தனவேம்பில் அடிப்பலகை. பார்க்க அசல் சீமை பிடில் மாதிரியே இருந்தது. வில்லை வைத்து இழுத்தால் தகர டப்பாவைத் தட்டுவது போல ஒரு சத்தம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பிடிலுக்கு மேல்பலகையை இழைத்து வைத்துவிட்டு, நாங்கள் இருவரும் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் மரியபாக்கியம் அக்கா வேலைவிட்டு வந்தார்.

அவர் அன்று ஒரு கமிஷன் கடையில் ஏலக்காய் பொறுக்கும் வேலையில் இருந்தார். தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார். பலகையைக் கையில் எடுத்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விட்டு ஒரு சுற்று ஓட்டினார்.

"இந்தப் பக்கம் தடிச்சுக் கெடக்கு," என்றார்.

"அளந்துதான் எழைச்சிருக்கேன்," என்றார் அண்ணன்.

"அளந்தீக. தொட்டுப் பாக்கல. ஏலக்காயில எது கனத்த தோலு, எது நொய்வுன்னு கண்ணு சொல்லாது. வெரலுதான் சொல்லும். அந்தக் கண்ணாடிச் சில்லக் கொண்டாங்க."

உடைந்த கண்ணாடித் துண்டால் அவர் சுரண்டினார். இரண்டு சுரண்டல், ஒரு தடவல். மறுபடி இரண்டு சுரண்டல். பொழுது சாயும் வரை அதுதான். பத்து நாள் கழித்து அந்தப் பிடிலை நான் வாசித்தபோது அது பேசிற்று. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சவரிமுத்து அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அக்கா மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "நம்ம வீட்டுல இருந்தா இது வருது?" என்றார்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு வீடு நாலு வீடாயிற்று. கழுத்து செதுக்க ஒருவர், தந்தி முறுக்கும் பிருடை கடைய ஒருவர் என்று வேலை பிரிந்தது. ஆனால் நாலு வீட்டு மேல்பலகையும் கடைசியில் அக்கா மடிக்குத்தான் வந்தது. ஏலக்காய் வேலையை அவர் விட்டுவிட்டார். சிலமலையிலிருந்தும் ராசிங்காபுரத்திலிருந்தும் பஜனைக் கோஷ்டிக்காரர்கள் வந்து காத்திருந்து பிடில் வாங்கிப் போனார்கள். வாங்க வருகிறவர்களை அவர் கொஞ்ச நேரம் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். வாசிக்கத் தெரியாதவர் என்றால் சும்மா பேசச் சொல்லிக் கேட்பார். எனக்குச் செய்து கொடுத்தபோது, "ஒங்க கை அழுத்தம் வாத்தியாரே. அதனால கொஞ்சம் கனமா விட்டிருக்கேன். நீங்க போடுற போடுக்கு அது தாங்கணும்ல," என்றார். நான் வித்வான் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே போனேன். அவர் ஒன்றும் நடக்காதது போலக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை.

மலை கேரளத்தோடு சேர்ந்து, மேலேயிருந்து மரம் கொண்டுவருவது சிரமமாகிப்போன காலத்தில் ஒருநாள் அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பலகை ஒட்டும் வஜ்ஜிரப் பசை காய்ந்துகொண்டிருந்தது. அக்கா என்னிடம் பேசிக்கொண்டே அந்தச் சட்டியை வெறுங்கையால் பிடித்துத் தூக்கி இறக்கி வைத்தார். கருகிய வாடை வந்தது. வஜ்ஜிரம் தீய்கிறது என்று நினைத்தேன். அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனிகளில் தோல் வழன்றிருந்தது.

"சுடலையே," என்றார். வலியில்லாமல், ஏதோ அடுத்தவர் கையைப் பார்ப்பது போலச் சொன்னார்.

அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நானும் சொல்லவில்லை. சில மாதம் சமாளித்தார். பிறகு ஒருநாள், முக்கால்வாசி முடிந்த மேல்பலகை ஒன்றில் கண்ணாடிச் சில் மறுபக்கம் வந்துவிட்டது. பலகையை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே இருந்தார். "வெரலு பேச மாட்டேங்குது," என்றார். அந்த வாரமே அண்ணன் அவரை டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் முதுகிலிருந்த வெளிறிய தேமலை ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு, பெருவியாதி, குஷ்டம், என்றார்.

இனி எழுதுவது எனக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். ஆனாலும் எழுதாமல் விட்டால் இது அஞ்சலி ஆகாது.

ஒரு வீட்டிலிருந்தும் அவரிடம் பலகை வரவில்லை. குழாயடியில் அவர் குடம் வைத்தால் மற்ற குடங்கள் நகர்ந்தன. நம் பிடிலை வாங்கி விற்ற மதுரைக் கடைகளுக்கு எப்படியோ சேதி எட்டி, அங்கிருந்து ஏழு பிடில்கள் வைக்கோல் கூடப் பிரிக்காமல் திரும்பி வந்தன. கோயிலில் அவர் கடைசியில் தனியே முழந்தாளிட்டார். நான் என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அவர் எனக்குச் செய்து கொடுத்த பிடிலைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரண்மேல் போட்டேன். என் மனைவி சொன்னாள் என்று அப்போது எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் ஒரு தடவைதான் சொன்னாள். நான் மறுபேச்சுப் பேசவில்லை. மரத்தில் ஒட்டி வருகிற வியாதி இல்லை அது என்று டாக்டர் என்னிடமே விளக்கிச் சொல்லியிருந்தார். தெரிந்துதான் செய்தேன்.

மதுரைக்கு அப்பால் உள்ள ஆசுபத்திரிக்கு அவர் ரயிலேறிய அன்று நம் தெருவிலிருந்து யாரும் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் சோலி இருக்கிறது என்று அண்ணனிடம் சொல்லியிருந்தேன். அன்று பள்ளிக்கூடம் விடுமுறை.

எட்டு மாதம் கழித்துத்தான் அவரைப் பார்க்கப் போனேன். வாராவாரம் போய்வரும் அண்ணன், பழையபடி பெட்டி அடிக்கத் தொடங்கியிருந்தார். "ஒரு தடவ வந்துட்டுப் போங்க வாத்தியாரே, கேட்டுக்கிட்டே இருக்கா," என்று அவர் நாலைந்து முறை சொன்ன பிறகு என்னால் தட்ட முடியவில்லை. அக்கா இளைத்திருந்தார். இரண்டு கைகளிலும் துணி சுற்றியிருந்தது. ஊர்ச் சேதியெல்லாம் கேட்டார். கடைசியில், "நம்ம பிடிலு நல்லாப் பேசுதா?" என்றார்.

"தினமும் வாசிக்கிறேன் அக்கா," என்றேன்.

"எடது கையக் காட்டுங்க."

காட்டினேன். தொடாமல் குனிந்து என் விரல் நுனிகளைப் பார்த்தார். தந்தி அழுத்திக் காய்ப்பேறிக் கிடந்த இடமெல்லாம் மெத்தென்று ஆகியிருந்தது. நான் தலை நிமிரவில்லை.

"பயந்தா பயந்தேன்னு சொல்லுங்க," என்றார். குரலில் கோபம் இல்லை. "எனக்கும் என் கையப் பாத்தாப் பயமாத்தான் இருந்துச்சு. அதுக்கு எதுக்குப் பொய்யி? ஆனா பிடில வாசிக்காமப் போடாதீங்க. சத்தம் உள்ளுக்குள்ளயே அடஞ்சு போகும். அப்புறம் தொறக்க ரொம்ப நாளாகும்."

வீட்டுக்கு வந்ததும் பரணில் ஏறினேன். அவர் சொன்னது சரி. ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று, அது பழையபடி வாய் திறக்க.

இரண்டாம் முறை போனபோது பிடிலை எடுத்துப் போனேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாசித்தேன். வார்டிலிருந்து ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். முடித்ததும் அக்கா, "இன்னொரு தடவ வாசிங்க," என்று சொல்லி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாசித்துக்கொண்டிருக்கும்போதே குனிந்து மேல்பலகையின் ஓரத்தில் கன்னத்தை வைத்தார். வில் இழுக்க இடம் விட்டு, அடக்கமாக வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. அழுத்தக்கூடாது என்று பார்த்துப் பார்த்து வாசித்தேன். என் ஆயுளில் அப்படி வாசித்ததில்லை.

"கன்னத்துக்கு இன்னும் தெரியுது," என்றார் நிமிர்ந்து. பிறகு, "கீழ்ப்பக்கம் ஒரு இடத்துல தடிப்பு இருக்கு. அப்பவே எடுத்திருக்கணும். ஒங்க கையி அழுத்தம்னு பயந்துட்டேன்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று நாங்கள் நிறையச் சிரித்தோம்.

புறப்படும்போது வாசல்வரை நடந்து வந்தார். "தெருவுல இருந்து யாராச்சும் வருவாகளா வாத்தியாரே? சும்மா பாத்துட்டுப் போனாப் போதும். வெரசாத் திரும்பிறலாம்," என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அழைத்துவருகிறேன் என்று சொன்னேன். கேட்டுவிட்டு அப்புறம் சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தபின் வேறு சொல்ல வரவில்லை.

நாலு வீட்டிலும் வந்து கேட்டேன். உங்களுக்கு நினைவிருக்கும். ஒருவர் மலைக்குப் போகவேண்டும் என்றீர்கள். ஒருவர் வீட்டில் கல்யாணப் பேச்சு. பார்ப்போம், அடுத்த வாரம் பார்ப்போம். யாரும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வெறுங்கையோடு தனியாகப் போய் நிற்கக் கூசி நானும் அந்த ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு சாயங்காலம் அவர் இறந்துவிட்டார். உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் ஒருவன் ரயிலேறியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை மதியம் அண்ணனை வீடுவரை கொண்டுபோய் விட்டேன். கதவைத் திறந்து, துணிப்பையை உள்ளே வைத்தபிறகுதான் சொன்னார்.

"ரெண்டு ஞாயிறும் வெள்ளச்சீல கட்டி, வாசலுக்கு நேரா பெஞ்சப் போடச்சொல்லி உக்காந்திருந்தா. ரயிலு வர்ற நேரம் தாண்டியும் உள்ள வரல. யாரும்மா வர்றாகன்னு நர்சம்மா கேட்டிருக்காக. எங்க தெருக்காரவுக வர்றாகன்னு சொல்லியிருக்கா. மூணாவது ஞாயிறு காய்ச்சல்ல கெடந்துக்கிட்டும் அதான் சொன்னா. எங்க தெருக்காரவுக வருவாக, பெஞ்ச எடுத்துறாதீகன்னு."

அக்கா விட்டுச் சென்றதில் எது உங்களிடம் இருக்கிறது என்று என்னைக் கேட்டால், பிடில் என்று சொல்லமாட்டேன். பிடில் என்றாவது ஒருநாள் வேறு ஒருவர் கைக்குப் போகும். நாம் இத்தனையும் செய்த பிறகு, அந்த அம்மாள் நம்மை 'எங்க தெருக்காரவுக' என்று அயலாரிடம் சொல்லியிருக்கிறார். நான் வைத்திருப்பது அந்தச் சொல்லைத்தான். அதை வாங்கிக்கொள்ள நான் போய் நிற்கவில்லை. ஆனாலும் அது எனக்கு வந்திருக்கிறது. உங்களுக்கும்.