முள் வைத்துக் கேட்ட பாட்டுகள்

உனக்குப் பிடித்த பாட்டு எது என்று யாராவது கேட்டால், கோயிலில் பாடும் மாதா பாட்டு ஒன்றைச் சொல்லிவிடுவேன். கேட்டவர்களும் திருப்தியாகப் போய்விடுவார்கள். அது பொய். எனக்குப் பிடித்த பாட்டெல்லாம் அப்பாவின் பாட்டுப்பெட்டியில் இருந்தவை. ஏழே ஏழு பிளேட்டு, இசைத்தட்டு என்பார்களே அது. அதில் ஒன்றில்கூடச் சாமி கிடையாது.

எங்கள் ஊர் காரிமங்கலத்துக்குப் பக்கம். அப்பா புளி வண்டி ஓட்டியவர். சித்தேரி மலையடிவாரத்தில் ஏற்றிச் சேலத்தில் இறக்குவார். ஒரு தடவை புளி விற்ற பணத்தோடு வராமல், யாரோ துரை வீட்டில் கழித்துவிட்ட கிராமபோனோடு வந்து இறங்கினார். அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. சோற்றுத் தட்டை மட்டும் ‘ணங்’கென்று வைத்தாள்.

ஏழில் மூன்று எனக்கு அறவே ஆகாது. அழுவதற்கென்றே பாடியவை. வீட்டில் இல்லாத அழுகையா? வண்டிக்காரன் பாட்டு ஒன்று, அது மாட்டுக்குத்தான் பிடிக்கும். அப்பாவுக்கும் எனக்கும் உயிரானது புருஷன் பெண்டாட்டி சண்டைப் பாட்டு. சந்தைக்குப் போனவன் நேரங்கழித்து வருகிறான். அவள் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறாள். அவன் கெஞ்ச, அவள் ஏச, கடைசியில் தாழ்ப்பாளை எடுத்துவிட்டுச் சிரிக்கிறாள். பெட்டிக்காகச் சிரித்த சிரிப்பில்லை அது. பாடிய அம்மாள் தன்னை மறந்து நிஜமாகவே சிரித்துவிட்டாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த இடம் வரும்போது அப்பா அம்மாவைப் பார்ப்பார். அம்மா முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள்.

யுத்தம் வந்தது. கிராமபோன் ஊசி எங்கேயும் கிடைக்கவில்லை. வேலமுள்ளைச் சீவி ஊசி இருந்த இடத்தில் சொருகக் கற்றுக்கொண்டோம். எங்கள் பக்கம் முள்ளுக்கா பஞ்சம்? இரும்பு ஊசி வைத்தால் தெருவுக்கே கேட்கும். முள் வைத்தால் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு மட்டும்தான். மிச்சமிருந்த ஒரே ஒரு புது ஊசியை என் கல்யாணத்துக்கென்று அப்பா டப்பாவில் போட்டு வைத்தார்.

பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் நாற்பது நாளும் பெட்டியை அம்மா துணி போட்டு மூடிவிடுவாள். கறி கிடையாது, பூ கிடையாது, பாட்டு கிடையாது. எனக்குப் பதினாறு வயதான அந்த வருஷம், தபசு காலத்தில்தான் அப்பா மலைக்காய்ச்சலோடு வந்து படுத்தார். கொயினா மாத்திரை கிடைக்கவில்லை. பாஸ்காவுக்கு முந்தின புதன்கிழமை, கொஞ்சம் தெளிந்தாற்போல் இருந்தவர், அந்தப் பாட்டைக் கேட்கணும் என்றார்.

“இன்னும் நாலு நாளுதானுங்க,” என்றாள் அம்மா. “பாஸ்கா அன்னிக்கு நானே சாவி குடுத்து வெக்கறேன்.”

அதுவரை அவள் அந்தப் பெட்டிக்குச் சாவி கொடுத்ததே இல்லை. அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மத்தியானம் அம்மா கோயிலுக்குப் போனதும் என்னைக் கூப்பிட்டார். “முள்ளு போட்டு மெதுவா வையேன் கண்ணு. பக்கத்து வூட்டுக்குக்கூடக் கேக்காது.”

முள்ளைச் சீவினேன். துணியை எடுத்தேன். மூடியைத் திறந்து பிளேட்டையும் வைத்துவிட்டேன். அதற்குமேல் கை வரவில்லை. மறுநாள் பெரிய வியாழன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொல்லவேண்டி வருமே என்று பயம். “அம்மா வைவாங்கப்பா” என்று மூடிவிட்டேன்.

“செரி, வுடு” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வியாழன் விடிகாலை அப்பா போய்விட்டார். ஆண்டவர் பாடுபட்ட துக்கத்துக்காக அன்றைய பூசையோடு கோயில் மணியைக் கட்டிவிடுவார்கள். பாஸ்கா வரை மரக்கட்டையைத் தட்டுவதுதான். சாயங்காலம் அடக்கம் பண்ணினோம். துக்க மணிகூட அவருக்கு அடிக்கவில்லை. பாட்டு பாட்டென்று அலைந்த மனுஷன் ‘டக் டக்’கென்று மரக்கட்டை முன்னால் போகக் கல்லறைக்குப் போனார். இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

பாஸ்கா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தோம். வீடு நிறைய உறவு ஜனம். அம்மா பெட்டியைத் தூக்கி வந்து வாசற்படியில் வைத்தாள். எனக்கு விளங்கிவிட்டது. பழக்கத்தில் முள்ளைத் தேடினேன்.

“முள்ளு வேணாம். ஊசிய எடு,” என்றாள்.

என் கல்யாண ஊசியைப் போட்டாள். எத்தனை சுற்று என்று தெரியாமல் சாவியை இறுக்கிக்கொண்டே போனாள். பாட்டு தெருக்கோடி வரைக்கும் கேட்டது. பாலக்கோட்டிலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, சாவு வீட்டில் கூத்துப் பாட்டா என்று தலையில் அடித்துக்கொண்டார். எதிர்வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். அம்மா அசையவில்லை.

“அவருகிட்டச் சொல்லிட்டனுங்க,” என்றாள் அத்தையிடம். அவ்வளவுதான்.

கடைசிச் சிரிப்பு வந்தபோது அம்மா முதல் தடவையாக அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் அந்தப் புதன்கிழமை வந்தால் அம்மா புலம்புவாள். “நாலு நாளு பொறுங்கன்னு சொல்லிட்டனே, பாவி. ஒரே ஒரு பாட்டுத்தானே கேட்டாரு.” நான் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னிடமும் கேட்டார், நானும்தான் வைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பாரத்தில் பாதியாவது இறங்கியிருக்கும். சாமியாரிடம் சொன்னேன். அவளிடம் சொல்லவில்லை. இருபது வருஷம் முழுப் பாரத்தையும் தனியாகவே சுமந்துவிட்டு அம்மாவும் போய்ச் சேர்ந்தாள்.