கேப்டனுக்குப் பொண்டாட்டி எதுக்கு

தனுஷ்கோடிக்கு வாயே கிடையாது என்றுதான் ராஜபாளையத்து மில்லில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். ஸ்பின்னிங்கில் அறுந்த நூலை எடுத்து ஒட்டுகிற வேலை. எட்டு மணி நேரம் மிஷின் சத்தத்தில் நின்றுவிட்டு, ஒற்றை அறைக்குப் போய்த் தானே பொங்கித் தானே தின்கிற மனுஷன். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் அந்த ஆளிடம் ‘வியாழன் ரோந்து’ பற்றி மட்டும் வாயைக் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் அன்றைக்கு உங்களுக்குச் சோறு தண்ணி கிடையாது.

அது மாசாமாசம் வந்த ஒரு படக்கதை. எண்பத்து மூன்றில் ஆரம்பித்தது. வியாழன் கிரகத்தைச் சுற்றிக்கொண்டே கிடக்கிற ஒரு கப்பல், அதில் கேப்டன் ஒருத்தர் மட்டும். பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இல்லாமல் எழுபது இதழும் தன்னந்தனியாகத்தான் சுற்றினார். தனுஷ்கோடிக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. அம்புட்டு இதழையும் டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருந்தான்.

கடைசிப் பக்கத்தில் வாசகர் கடிதம் போடுவார்கள், பேரும் முழு விலாசமும் சேர்த்து. இவன் கடிதம் ஒன்று வந்ததைப் பார்த்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஐயாதுரை என்று ஒருவர் கார்டு போட்டார். இவன் பதில் போட்டான். அப்படியே பதினோரு வருஷம் ஓடிப்போச்சு. இடையில் படக்கதை நின்றுபோனது, கடிதம் நிற்கவில்லை. பஸ்ஸில் அரை மணி நேரம்தான் தூரம். ‘ஒரு நாள் வாரேன்’ என்று இவன் எழுதும்போதெல்லாம், ஊரில் இருக்க மாட்டேன், வீட்டில் விசேஷம், காய்ச்சல் என்று ஏதாவது ஒரு சாக்கு வரும். பாவி மனுஷனுக்குச் சந்தேகப்படக்கூடத் தெரியவில்லை. உலகத்தில் தனக்கென்று இருப்பது ஐயாதுரை ஒருத்தர்தான் என்று நினைத்திருந்தான்.

தொண்ணூற்று ஐந்தில் வியாழன் ரோந்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மறுபடி ஒன்றாம் இதழிலிருந்து, பழைய கதை எதுவுமே நடக்காத மாதிரி. கேப்டன் இளவட்டமாகிவிட்டார். அதோடு விட்டார்களா? கப்பலுக்குள்ளேயே ஒரு பொண்டாட்டி, ஒரு கைப்பிள்ளை! கடிதப் பக்கத்தில் பத்துக்கு எட்டு வசவுதான். தனுஷ்கோடிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ‘கேப்டனுக்குப் பொண்டாட்டி எதுக்கு?’ என்று ஆரம்பித்து நாலு பக்கம் எழுதித் தன் பேரைப் போட்டான். ஒரு பேர் போதாதென்று தோன்றவும் ஐயாதுரை பேரையும் கீழே போட்டுவிட்டான். ஒரு வார்த்தை கேட்போம் என்று படவே இல்லை. ஐயாதுரைக்கு வேறு எண்ணம் இருக்குமா என்ன?

கடிதம் அச்சில் வந்தது. அதற்குப் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு கார்டுகூட இல்லை. ரெண்டு மாசம் பொறுத்துப் பார்த்தான். அதற்கு மேல் முடியாமல் ஒரு லீவு நாளில், வந்த கடிதங்களையெல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

விலாசத்து வீட்டில் பெரிய மீசையோடு ஒருத்தர் வந்து கதவைத் திறந்தார். ஐயாதுரைதானே என்றதற்கு ஆமா என்றார். பதினைந்து வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் போன மாசம்தான் ஊர் வந்து சேர்ந்தாராம். படக்கதை, கடிதம் என்று இவன் சொன்ன எதுவும் அவருக்கு விளங்கவில்லை. புரியவைக்கிற அவசரத்தில் தனுஷ்கோடி அந்தக் கட்டை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டான். எழுத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிப்போச்சு.

“ஏட்டி செல்லக்கனி, இங்க வா.”

உள்ளேயிருந்து தங்கச்சி வந்தாள். முப்பது வயசு இருக்கும். பொம்பளப் பேரும் விலாசமும் அச்சில் வந்தால் கண்டவனும் எழுதுவான், ஊர் சிரிக்கும் என்று அண்ணன் பேரில் எழுதியிருக்கிறாள். அம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. பட்டாளத்தில் இருக்கிற அண்ணன் பேருக்குக் கடிதம் வந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? தலையைக் குனிந்துகொண்டு இதை அண்ணனிடம் சொல்லி முடித்தாள். பொறவு நிமிர்ந்து தனுஷ்கோடியைப் பார்த்தாள்.

“என்னையக் கேக்காம நீங்க எப்படி எழுதலாம்? எனக்குப் புதுசுதான் பிடிச்சிருக்கு. பழைய கேப்டன் எம்புட்டு வருசம் ஒத்தையிலயே கெடந்தாரு. ஒங்களுக்குப் பாவமா இல்லையா?”

தனுஷ்கோடிக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது, நடுவில் அண்ணன் நின்றார். இனிமேல் என் பேருக்குக் கடிதம் கிடிதம் வரக் கூடாது அண்ணாச்சி என்று மரியாதையாகவே சொன்னார். கட்டைத் திருப்பித் தரவில்லை. இவனும் கேட்கவில்லை.

ஊருக்கு வந்ததும் பத்திரிகைக்கு எழுதினான். அவளிடம் பேச அது ஒன்றுதான் வழி. போன கடிதம் தன்னுடைய எண்ணம் மட்டும், ஐயாதுரைக்கு அதில் சம்பந்தமில்லை, கேப்டனுக்குப் பொண்டாட்டி இருந்துட்டுப் போகட்டும் என்று எழுதிவிட்டு, அடியில் ஒரு வரி சேர்த்தான்: ‘கேட்டதற்குப் பதில்: பாவமாத்தான் இருந்தது, ஒவ்வொரு நாளும்.’

அடுத்த இதழிலேயே போட்டார்கள். யார் கேட்டது, எதற்குப் பதில் என்று அவர்களுக்கு விளங்காததால் அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள்.