விளக்கு கீபோர்டும் ஒரு டைப்பிங் தேர்வும்

1. முந்தின நாள்

கலைவாணி கீபோர்டைக் குளியல் துண்டில் சுற்றி எடுத்துவந்து கவுன்டரில் வைத்தார். "சார், நாளைக்குக் காலைல பரீட்சை. இந்த லைட்டு எரியாம பண்ணிக் குடுங்க" என்றார். அவர் கணவர் தனசேகர் பின்னால் நின்றிருந்தார். சில மாதங்களுக்கு முன் அந்தக் கீபோர்டை என்னிடம் வாங்கிப் போனவர் அவர்தான்.

நான் உழவர்கரையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் கவுன்டரைப் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். எதையும் எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்கும் பழக்கம் அங்கே வந்தது. கீபோர்டு வந்தால் முதலில் கீக்களை எண்ணுவேன். எங்கள் முதலாளி இளங்கோவுக்கு என்னைவிட வயது குறைவு, பொறுமை அதைவிடக் குறைவு. "எங்க சார் போயிடும் அது?" என்பார். போயிருக்கின்றன. ஒரு வீட்டில் குழந்தை எஸ்கேப் கீயைப் பிடுங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டது. அந்த வீட்டார் எங்கள் கடையில்தான் தொலைந்தது என்று சண்டைக்கு வந்தார்கள்.

கலைவாணியின் கீபோர்டில் நூற்று நான்கு கீக்களும் இருந்தன.

அது அரசாங்க கிளார்க் வேலைக்கான டைப்பிங் தேர்வு. எழுத்துத் தேர்வில் தேறியவர்களை மட்டும் கூப்பிடுவார்கள். கலைவாணி முன்பே ஒரு முறை எழுத்துத் தேர்வில் தேறி, டைப்பிங்கில் தோற்றிருந்தார். அந்த ஹாலில் இருந்த கீபோர்டில் ஸ்பேஸ் பார் ஒட்டிக்கொண்டதாம். வார்த்தைக்கும் வார்த்தைக்கும் இடைவெளி விழாமல் முழுப் பக்கமும் ஒரே வார்த்தையாகப் போய்விட்டது. இப்போது எழுத்துத் தேர்வில் மறுபடி தேறிவிட்டார். அடுத்த அறிவிப்பு வரும்போது அவருக்கு வயது வரம்பு தாண்டிவிடும். ஆகவே இதுதான் கடைசி. தேர்வருக்கு விருப்பமிருந்தால் சொந்தக் கீபோர்டு கொண்டுவரலாம் என்று ஹால் டிக்கெட்டில் இருந்தது. கொண்டுபோவது என்று முடிவு செய்திருந்தார்.

2. எது நல்லா எரியுது

தனசேகருக்கு அருகிலுள்ள மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் வேலை. மனைவி முதல் முறை தோற்ற பிறகு ஒருநாள் ஷிப்ட் முடிந்து நேராகக் கடைக்கு வந்தார். வரிசையாக வைத்திருந்த கீபோர்டுகளைப் பார்த்துவிட்டு, "இதுல எது சார் நல்லா எரியுது?" என்று கேட்டார்.

நான் விளக்கிச் சொன்னேன். சாதா கீபோர்டில் கீக்களுக்கு அடியில் ஒரே ரப்பர் ஷீட் இருக்கும். மெக்கானிக்கலில் ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்விட்ச், தனி ஸ்பிரிங். சுலபத்தில் ஒட்டிக்கொள்ளாது. ஆனால் ப்ளூ ஸ்விட்ச் என்பது சத்தம் போடும், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு 'டிக்'. இதைச் சொல்லி, அடித்தும் காட்டினேன்.

"எங்க மிஷின் பக்கத்துல நின்னா, கூட நிக்கிறவன் கூப்புடறதே கேக்காது சார். இதெல்லாம் ஒரு சத்தமா? கோழி கொத்துற மாதிரி இருக்குது" என்றார் தனசேகர்.

ஏழு நிறத்தில் அலை அலையாக ஓடும் ஒரு மாடலைத் தேர்ந்தெடுத்தார். அது ப்ளூ ஸ்விட்ச். நான் பில் போட்டேன். வாங்குகிறவர் சத்தத்தைக் கேட்டுவிட்டார், பிடித்திருக்கிறது, என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போன பிறகு கலைவாணி பயிற்சி செய்வார். வீட்டில் வேறு யாரும் இல்லை. வேகம் நிமிடத்துக்கு நாற்பது வார்த்தையைத் தொட்டுவிட்டது. தேர்வில் கேட்பது முப்பது.

3. நாங்கள் பயந்த விஷயம்

லைட் விஷயத்தைக் கிளப்பிவிட்டது கலைவாணியின் தோழி ஒருத்தி. எலக்ட்ரானிக் சாமான் எதையும் உள்ளே விடமாட்டார்கள், இப்படி ஜொலிக்கிற கீபோர்டைப் பார்த்தால் வாசலிலேயே பிடுங்கி வைத்துவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

நான் ஹால் டிக்கெட்டை வாங்கிப் படித்தேன். பத்தொன்பது விதிமுறைகள். ஏழாவது, சொந்தக் கீபோர்டு கொண்டுவரலாம். பன்னிரண்டாவது, மின்னணு சாதனங்களுக்கு அனுமதி இல்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்றும் விளங்கவில்லை.

"சார், கீபோர்டே எலக்ட்ரானிக்தான? அதயே உள்ள விடறான். லைட்டுல இன்னா வந்துச்சி?" என்றார் இளங்கோ.

அது வேறு, எரிகிறது வேறு என்றேன்.

அந்த மாடலில் Fn கீயையும் ஸ்க்ரோல் லாக்கையும் சேர்த்து அழுத்தினால் விளக்கு அணையும். ஆனால் அதற்கு ஞாபகம் கிடையாது. ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினால் முதலிலிருந்து அலை ஓட ஆரம்பித்துவிடும். ஹாலில் செருகியவுடன் கலைவாணியே அணைக்க வேண்டும். கவுன்டரிலேயே பழகச் சொன்னேன். செருகுவது, அணைப்பது, பிடுங்குவது. மூன்று முறை சரியாக வந்தது. நான்காவது முறை பதற்றத்தில் கை நழுவி Fn கீயோடு W-வை அழுத்திவிட்டார்.

இது எனக்குப் பழைய தலைவலி. கேம் விளையாடுகிறவர்களுக்காக ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். Fn கீயும் W-வும் சேர்ந்தால் W, A, S, D நான்கும் அம்புக்குறி கீக்களாக மாறிவிடும். இதற்காகவே ஆறு பேர் கீபோர்டு செத்துவிட்டது என்று என்னிடம் வந்திருக்கிறார்கள். இப்போது கலைவாணி தன் பெயரை அடித்தார். A விழவே இல்லை. அந்தக் கீயை அடிக்க அடிக்க கர்சர் மட்டும் இடது பக்கம் நடந்தது.

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நான் சரிசெய்துவிட்டு, நாளைக்குச் சாதா கீபோர்டு ஒன்று கடையிலிருந்து தருகிறேன், எடுத்துப்போங்கள் என்றேன்.

"போன தடவ சாதா கீபோர்டுலதான் சார் உக்காந்தேன்" என்றார் கலைவாணி.

விளக்கை மறைக்க இன்சுலேஷன் டேப் ஒட்டிப் பார்த்தோம். கீக்களின் இடுக்கில் வெளிச்சம் கசிந்து, ஜன்னலை மூடிய வீட்டில் டி.வி. ஓடுவது போல இருந்தது. பிரித்துவிட்டோம். கடைசியில் இளங்கோ, "அப்படியே எடுத்துட்டுப் போங்க. கேட்டா மட்டும் அணைங்க. கேக்காட்டி அந்த Fn பக்கமே போவாதீங்க" என்றார். எனக்குத் திருப்தி இல்லை, ஆனால் வேறு வழியும் தோன்றவில்லை.

ஒயர் எட்டாமல் போகலாம் என்று எக்ஸ்டென்ஷன் ஒன்று கொடுத்தேன். முன்பக்க யு.எஸ்.பி. போர்ட்டை சீல் வைத்திருக்கலாம், அப்படியானால் பின்பக்கம் செருகச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தபோது, "சார், நீங்க சொல்லச் சொல்ல எனக்குப் பழகினதெல்லாம் மறந்துடும் போலருக்கு. போதும்" என்று கீபோர்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். இன்னும் மூன்று விஷயம் பாக்கி இருந்தது.

4. ஹாலில் நடந்தது

தேர்வு முடிந்த மறுநாள் இருவரும் கடைக்கு வந்து சொன்னதை எழுதுகிறேன்.

வாசலில் செக்யூரிட்டி துண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு உள்ளே விட்டுவிட்டார். கலைவாணி தன் இடத்தில் கீபோர்டைச் செருகியதும் அலை ஓட ஆரம்பித்தது. வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. மேற்பார்வையாளர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒரு அம்மாள். வந்து நின்றார், கையிலிருந்த விதிமுறைத் தாளைப் படித்தார். "எலக்ட்ரானிக் கூடாதுன்னு போட்டிருக்கு. கீபோர்டு கொண்டாரலாம்னும் போட்டிருக்கு. இது கீபோர்டு. இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு மாலை முழுவதும் நாங்கள் எல்லோரும் பயந்த விஷயம் அத்தோடு முடிந்தது.

நிஜமான தேர்வுக்கு முன்னால் கை பழகுவதற்கு ஒரு பத்தியைக் கொடுப்பார்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது. எல்லோரும் அடிக்க ஆரம்பித்தார்கள். ஹாலில் இருந்தவை சாதா கீபோர்டுகள், மழைத் தூறல் மாதிரி ஒரு சத்தம். அதன் நடுவில் கலைவாணியின் ப்ளூ ஸ்விட்ச். கொஞ்ச நேரத்தில் அவருக்கு வலப்பக்கம் இருந்தவர் நிறுத்திவிட்டார். பிறகு இடப்பக்கம் இருந்த பெண் நிறுத்தினார். முன்வரிசையில் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். வலப்பக்கத்துக்காரர், கட்டம் போட்ட சட்டை அணிந்த ஒல்லியான ஆள், கையைத் தூக்கினார்.

"மேடம், இவங்க அடிக்கிறது என் தலைக்குள்ள அடிக்குது. நான் ஒரு வார்த்த அடிக்கிறதுக்குள்ள இவங்க ரெண்டு அடிச்சிடறாங்க. அது வேற காதுல எண்ணிக் காட்டுது. நான் எப்படி எழுதறது?"

மேற்பார்வையாளர் கலைவாணியிடம் வந்தார். ஹால் கீபோர்டிலேயே அடித்துவிடும்மா, நாலைந்து பேருக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று தன்மையாகத்தான் கேட்டிருக்கிறார்.

கலைவாணி கடையில் என்னிடம் குரல் உயர்த்திப் பேசியதே இல்லை. அங்கே எழுந்து நின்றுவிட்டாராம்.

"முடியாது மேடம். போன தடவ உங்க ஸ்பேஸ் பார் ஒட்டிக்கிச்சி. சொன்னேன், யாரும் கேக்கல. எனக்கு இதோட வயசு முடியுது. கீபோர்டு கொண்டாரலாம்னு நீங்கதான் போட்டிருக்கீங்க. சத்தம் வரக் கூடாதுன்னு எங்கயாவது இருந்தா காட்டுங்க, எடுத்துடறேன்."

அந்த அம்மாள் தாளை மறுபடி முதலிலிருந்து படித்தார். பத்தொன்பதிலும் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நானும் அதைப் படித்திருக்கிறேன். விளக்கைத் தேடிப் படித்ததால் சத்தத்துக்கு விதி இல்லை என்பது என் கண்ணில் படவில்லை.

பிறகு அவர் ஹாலைச் சுற்றிப் பார்த்து, உதவியாளரிடம் எத்தனை பேர் ஆப்சென்ட் என்று கேட்டார். ஒன்பது. "சத்தம் ஆவாதவங்க எழுந்து காலி சீட்டுல போய் உக்காருங்க. சிஸ்டம் நம்பர மாத்தி எழுதிக்கிறேன்" என்றார். கட்டம் போட்ட சட்டைக்காரர் முதலில் எழுந்தார். அவரைப் பார்த்து இடப்பக்கத்துப் பெண். அடுத்து முன்வரிசை. மணி அடித்து நிஜத் தேர்வு ஆரம்பித்தபோது கலைவாணிக்கு வலப்பக்கம் யாரும் இல்லை, இடப்பக்கம் யாரும் இல்லை, முன்னாலும் இல்லை.

"பந்தில என்ன மட்டும் தனியா உக்கார வெச்ச மாதிரி இருந்துச்சி சார். அழுகை வந்துச்சி. அழுதா எழுத்து தெரியாதேன்னு அடிச்சிக்கினே இருந்தேன்" என்றார் கலைவாணி.

நேரம் முடிவதற்கு முன்பே பத்தி முடிந்துவிட்டது. எல்லா வார்த்தைக்கும் நடுவில் இடைவெளி இருந்தது.

"நான்தான் அன்னிக்கே சொன்னனே சார், நல்லா எரியற கீபோர்டா வாங்கணும்னு" என்றார் தனசேகர்.

5. பக்கத்து சீட்டு

ரிசல்ட் வந்தது. கலைவாணி தேறிவிட்டார். டவுனில் ஒரு அலுவலகத்தில் போஸ்டிங். தனசேகர் லட்டு கொண்டுவந்து கொடுத்தார்.

வேலையில் சேர்ந்த சில நாட்களில் கலைவாணி மறுபடி கடைக்கு வந்தார். கூட வந்தவர் தனசேகர் இல்லை, ஒல்லியான வேறொரு ஆள். நான் யாரென்று கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"சார், என் பேரு சுந்தர். பரீட்சைல நான் இவங்களுக்கு வலது பக்கம். இப்ப ஆபீஸ்லயும் வலது பக்கம்."

அவரும் தேறியிருக்கிறார். ஒரே பேட்ச், ஒரே செக்ஷன். முதல் நாள் தன் மேசையில் உட்கார்ந்து பேனாவை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசையில் ஒரு பெண் பையைத் திறந்து குளியல் துண்டை எடுத்தாராம். "துண்டப் பாத்ததும் காலி சீட்டு இருக்குதான்னு சுத்திப் பாத்தேன் சார். ஹால்லயாவது எழுந்து போனேன். இங்க ஆப்சென்ட் சீட்டு கெடயாது" என்றார்.

"நான் வேற வாங்கிக்கிறேன்னு சொன்னேன் சார். நம்ப மாட்டேன்ட்டாரு. கூடவே வந்துட்டாரு" என்றார் கலைவாணி.

நான் ஐந்து கீபோர்டுகளை எடுத்து வைத்தேன். கலைவாணி ஒவ்வொன்றாக அடித்தார். சுந்தர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, மேசையில் உட்காரும் தூரத்தைக் கையால் அளந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். முதலாவது, பல் கடிப்பது போல இருக்கிறது என்றார். இரண்டாவது பரவாயில்லை, ஆனால் என்டர் கீ தட்டும்போது யாரோ கதவைத் தட்டுவது போல இருக்கிறது என்றார். மூன்றாவதையும் வேண்டாம் என்று தலையாட்டினார். நான்காவது சைலன்ட் ரெட் ஸ்விட்ச், உள்ளே சின்ன ரப்பர் வைத்துச் சத்தத்தை அடக்கியது. கண்ணை மூடியபடியே, "உம், அடிங்க" என்றார்.

"அடிச்சிக்கினுதான் இருக்கேன்" என்றார் கலைவாணி.

"சார், இதப் பேக் பண்ணுங்க" என்றார் சுந்தர்.

கலைவாணி ஒன்றே ஒன்று கேட்டார், இதில் விளக்கு எரியுமா என்று. எரியாவிட்டால் வீட்டில் அவரிடம் பதில் சொல்ல முடியாதாம். எரியும் என்று போட்டுக் காட்டினேன். நூற்று நான்கு கீக்களையும் எண்ணிக் கொடுத்தேன்.

அவர்கள் போன பிறகு, இதுவரை என்னிடம் திரும்பி வந்த ப்ளூ ஸ்விட்ச் கீபோர்டுகளை மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். பதினொன்று. பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா வீட்டின் மருமகன், பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த மாமியார் சில்வண்டு வீட்டுக்குள் புகுந்துவிட்டது என்று தேடியதால் திருப்பினார். ஐ.டி. கம்பெனிப் பையன் ஒருவனின் கீபோர்டை, ராத்திரி தூங்க முடியவில்லை என்று அவன் அப்பாவே தூக்கிக்கொண்டு வந்தார். மற்றவையும் இதே கதைதான். அந்தப் பதினொன்றில் ஒன்றைக்கூட அதில் டைப் அடித்தவர் குறை சொல்லவில்லை. நான் ஒவ்வொரு முறையும் கீக்களை எண்ணினேன், விளக்கைச் சோதித்தேன், பழுதில்லை என்று எழுதி வாங்கி வைத்தேன். பழுது இல்லைதான்.

கடையில் புதிதாகச் சேர்ந்து கீபோர்டு விற்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். எத்தனை கீ, எந்த ஸ்விட்ச், எத்தனை நிறம் என்பதெல்லாம் டப்பாவிலேயே இருக்கிறது. பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்பதுதான் டப்பாவில் இல்லை. அதை நாம்தான் கேட்க வேண்டும். நான் இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன். முடிந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறேன். இந்தக் கேள்வியால் வியாபாரம் தாமதமாகிறது என்று இளங்கோவுக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் அதன் பிறகு எங்கள் கடையில் மெக்கானிக்கல் கீபோர்டுக்கு இருவராகத்தான் வருகிறார்கள். ஒருவர் அடிக்கிறார், மற்றவர் தேர்ந்தெடுக்கிறார். இதுவரை ஒன்றும் திரும்பி வரவில்லை.