பதினைந்தாவது நாற்காலி

காலை நான்கு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். பள்ளிவாசலுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை நாற்காலிகள். விடியற்காலைத் தொழுகைக்கு மூன்று வரிசை தரையில் நின்றது. அதற்குப் பின்னால் சுவரோரமாகப் பதினான்கு நாற்காலிகள். பதினைந்தாவது என் கையில் இருந்தது. அலுமினியக் கால், மடக்கினால் கக்கத்தில் அடங்கும். ஷார்ஜாவிலிருக்கும் மகன், ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தான். காய்ச்சலில் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, அதற்கு முந்தைய வாரம்தான் வீடு திரும்பியிருந்தேன். வயது அறுபத்தெட்டு.

எனக்கு இடம் ஒதுக்கித் தந்தவர் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட இரண்டு வயது இளையவர், அதனால் நான் அவருக்கு நானா, அண்ணன். "வாங்க நானா, உங்களத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருந்தோம்" என்றார், கல்யாண வீட்டு வாசலில் நின்று வரவேற்பவர் போல.

முட்டியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அங்கே நாலு பேர். அவர்களுக்கு நாற்காலி வேண்டும். மற்றவர்களை விசாரித்தேன், பழைய பத்திரிகை வேலைப் பழக்கம். ஒருவர் இடுப்பு வலிக்காக ஒரு வாரம் என்று உட்கார்ந்து மூன்று வருடமாகியிருந்தது. கப்பல்காரருக்குக் கணுக்காலில் சுளுக்கு. அது எந்த வருடம் ஆறியது என்று அவருக்கே நினைவில்லை. நாற்காலிக்குப் போன யாரும் தரைக்குத் திரும்பியதாக ஒரு தகவல்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

நானும் திரும்பியிருக்க மாட்டேன், இது நடக்காமல் இருந்திருந்தால். ஒரு மதியம் மனைவி கோட்டுச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். கட்டிலுக்கடியில் விழுந்த மூக்குக் கண்ணாடியை எடுக்கத் தரையில் உட்கார்ந்தேன். எடுத்துவிட்டேன். எழ முடியவில்லை. வலி இல்லை, மயக்கம் இல்லை. உடம்பை மேலே தள்ளுவதற்குத் தொடையில் எதுவும் இல்லை, அவ்வளவுதான். மேசைமேல் கைப்பேசி அடித்து ஓய்ந்தது. உட்கார்ந்தபடியே நகர்ந்து வாசலுக்கு வந்து, படியில் கால்களைத் தொங்கவிட்டு, கதவு நிலையைப் பிடித்து எழுந்தபோது சுவர்க் கடிகாரத்தில் நாற்பது நிமிடம் கழிந்திருந்தது.

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் மகனுக்குப் போகும். வீட்டைப் பூட்டிவிட்டுத் தருமபுரத்தில் மகள் வீட்டோடு போய் இருங்கள் வாப்பா என்று அவன் ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருந்தான். மூன்றாவது முறை சொல்ல அவனுக்கு ஒரு காரணம் தர நான் தயாராக இல்லை.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் பெண் சுரக்குடியிலிருந்து பஸ்ஸில் வருபவர். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழச் சொன்னார். மூன்று முறை எழுந்தேன். நாலாவது முறை பாதியில் உட்கார்ந்துவிட்டேன். மூட்டில் கோளாறு இல்லை என்றார்.

"தசை கரைஞ்சிருக்குங்க ஐயா. படுத்திருந்த பதினோரு நாள்ல போனது கொஞ்சம். உக்காந்தே இருந்த வருஷத்துல போனதுதான் நெறைய."

பத்திரிகை அலுவலகத்தில் செய்தி மேசையில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்ததை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. போனது திரும்ப வருமா என்று கேட்டேன். இந்த வயதிலும் வரும், வேலை கொடுத்தால்தான் வரும் என்றார். தினமும் உட்கார்ந்து எழ வேண்டும். அது சுலபமானதும் உட்காரும் உயரத்தைக் குறைக்க வேண்டும். முட்டை, மீன், பயறு என்று ஏதாவது ஒன்று வேளை தவறாமல் தட்டில் இருக்க வேண்டும்.

ஷார்ஜா நாற்காலியைத்தான் அதற்கு எடுத்துக்கொண்டேன். அதன் முதுகைச் சுவரில் முட்டவைத்து முதலில் மூன்று முறை, பிறகு ஐந்து, ஒரு மாதத்தில் பத்துப் பத்தாக இரண்டு தடவை. அடுத்து பிளாஸ்டிக் ஸ்டூல். அதற்கும் அடுத்து, மனைவி மீன் ஆய உட்காரும் மணை. மணையிலிருந்து எழ மட்டும் மூன்று வாரம் பிடித்தது. மகன் போனில் நாற்காலி வசதியாக இருக்கிறதா என்று கேட்டான். தினமும் உபயோகிக்கிறேன் என்றேன். பொய் இல்லை.

ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்த நாளில் மனைவி கதவருகே நின்று பார்த்துவிட்டாள்.

"விழுந்தா யாருங்க தூக்குறது?"

"யாரும் தூக்க வேணாம்னுதான் இது."

பையை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். மறுநாள் காலையில் அது நாற்காலிமேல் இருந்தது.

செய்தி பள்ளிவாசலின் பின்வரிசை நாற்காலிகளுக்கும் போயிற்று. எனக்கு எங்கோ இரண்டாம் கல்யாணம் பேசியிருப்பதாகக் கப்பல்காரர் ஒரு கதை கட்டினார். பெண் வீட்டார் நாகூர் என்பது வரை அதில் விவரம் இருந்தது.

நான்கு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலைத் தொழுகைக்கு நாற்காலியை வீட்டிலேயே விட்டுப் போனேன். மூன்றாவது வரிசையில் நின்றேன். இமாமோடு சேர்ந்து தொழுவது அந்த வேளையில் இரண்டு ரக்அத், அதாவது நின்று, குனிந்து, நெற்றி தரையில் படப் பணியும் சுற்று இரண்டு. முதல் சுற்று முடிந்ததும் தரையிலிருந்து நேராக எழுந்து நிற்க வேண்டும். அந்தத் தொழுகையில் அப்படி எழ வேண்டியது ஒரே ஒரு முறை.

இமாம் எழுந்தார். வரிசை எழுந்தது. நான் கால்விரல்களை ஊன்றி, இரு கைகளையும் முட்டிமேல் வைத்துத் தள்ளினேன். பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பாதியில் உடம்பு ஒரு கணம் நின்றது, பிறகு ஏறியது. நான் நிமிர்ந்தபோது இமாம் ஓதத் தொடங்கிவிட்டிருந்தார். மற்றவர்களைவிட நாலைந்து விநாடி பிந்தியிருப்பேன். யாரும் என்னைப் பிடிக்கவில்லை.

முடிந்து வெளியே வந்தபோது செருப்பு விடும் இடத்தில் கப்பல்காரர் நின்றிருந்தார். என் தொடை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத்தான் பார்த்தார்.

"ஒரு தடவ எழுந்துட்டீங்க நானா, சரி. நோன்பு வந்தா ராத்தொழுகை இருபது ரக்அத். அதுக்கு எங்ககிட்டதான வரணும். எடம் போட்டு வைக்கிறேன்."

வேண்டாம் என்றேன்.

ரமலான் தொடங்க அப்போது நான்கு மாதமும் ஒன்பது நாளும் இருந்தன.