கை நனைத்த நாள்

சிதம்பரத்தில் சிமெண்டு, கம்பிக் கடை வைத்திருக்கும் தேவநாதனுக்கு வயது எழுபத்தொன்று. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். இன்ஜினியரிங் படித்த இரண்டு பேர் தன்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள் என்பதைக் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். யார் தயவும் இல்லாமல் வளர்ந்த மனிதர். அதையும் அவரே சொல்லியிருக்கிறார்.

பிறந்தது காட்டுமன்னார்கோயில் பக்கம். அம்மா அமிர்தம் அரிசி ஆலையில் நெல் அவிக்கப் போவாள். அப்பா கொளஞ்சியப்பன் வயலுக்கு ஒரு நடை போய்வந்தால் மீதிப் பொழுதெல்லாம் அடுப்படிதான். அவர் விரால் குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சாப்பிடும்போதுதான் தேவநாதனுக்கு மானம் போகும். அம்மா முதலில் உட்காருவாள், அப்பா பரிமாறுவார். அவள் ஒரு வாய் போட்டு, "உப்பு கம்மி" என்றோ தலையை ஆட்டியோ தீர்ப்புச் சொன்ன பிறகுதான் பிள்ளைகள் தட்டில் சோறு விழும். அப்பா கடைசி.

"ஒழச்சிட்டு வந்தவ மொதல்ல துன்னட்டும்" என்பார். வேறு விளக்கம் கிடையாது.

இதைச் சொல்லி மற்றப் பையன்கள் செய்த கேலி தாங்காமல்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்பார் தேவநாதன். எட்டாம் வகுப்பில் மூன்று முறை தவறியது தனிக்கதை.

இருபத்தாறு வயதில், சிதம்பரத்தில் சின்னதாகக் கடை போட்டிருந்த சமயம், குறிஞ்சிப்பாடியிலிருந்து பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பெண் மலர்க்கொடியை அவருக்கு ரொம்பவும் பிடித்திருந்தது. அவளுடைய அப்பா கண்ணாயிரம் இந்த வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. காப்பியோடு எழுந்துவிட்டால் போச்சு.

தேவநாதன் ஒரு வாரம் பெற்றோருக்குப் பாடம் நடத்தினார். அப்பா விருந்தாளியோடு உட்கார வேண்டும், அம்மா பரிமாற வேண்டும். ஒருநாளைக்கு ஊர் மாதிரி இருங்கள், அது போதும் என்றார். இருவரும் சரியென்றார்கள்.

கண்ணாயிரம் வந்தார், மரியாதைக்கு இலை முன் உட்கார்ந்தார். கை மட்டும் மடியிலேயே இருந்தது. பிறந்ததிலிருந்து கரண்டி பிடித்தறியாத அமிர்தம் வந்து, சோறு போடுமுன் ரசத்தை ஊற்றினாள். அது இலையைத் தாண்டி அவர் வேட்டியில் இறங்கியது. கொளஞ்சியப்பனால் அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"நீ குந்து. நான் போடறேன்."

புருஷன் எழுந்த இலை முன் அமிர்தம் உட்கார்ந்து, விருந்தாளிக்கு முன்பாகவே ஒரு வாய் போட்டு, "புளி ஜாஸ்தி" என்றாள். தேவநாதன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

கண்ணாயிரம் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு சோற்றில் கை வைத்தார். மூன்றாம் முறை குழம்பு வாங்கியபோதுதான் பேசினார்.

"சம்மந்தி, எம்பொண்ணுக்கு சுடுதண்ணி வெக்கக்கூட வராது. அத எப்பிடிச் சொல்றதுன்னு பஸ்ஸுல முழுக்க ரோசன பண்ணிக்கினே வந்தேன்."

"அதுக்கென்ன, நான் இருக்கேன்" என்றார் கொளஞ்சியப்பன்.

"வேல வெட்டி தெரியுமா?" என்றாள் அமிர்தம், வாயில் சோற்றோடு.

"தையல் மிசின் ஓட்டும். நாலு காசு சம்பாதிக்கும்."

"அப்ப அவளும் மொதல்ல துன்னட்டும்."

இந்தச் சம்பந்தத்தைத் தன் சாமர்த்தியத்தால் பேசி முடித்ததாகத் தேவநாதன் இன்றும் கடையில் சொல்கிறார். அன்று சாப்பாடு முடியும்வரை அவர் சுவரை விட்டுத் திரும்பவே இல்லை என்று தன் அப்பா சொன்னதாக மலர்க்கொடி சொல்வாள்.