சோளக்காட்டுக் கரும்பலகைக்காரர்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொல்லிவிட்டேன். என் சகலை வெள்ளையன் அவர்கள் போகிற நாளில் மலையே திரண்டு வரும், அடிவாரத்திலிருந்து கார்கள் வரிசையாக ஏறும், அதிகாரிகள் கைகட்டி நிற்பார்கள், என்னை மட்டும் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று போன வருடமே என் மனைவியிடம் சொன்னேன். "மனுசன் நல்லா நடமாடிக்கிட்டு இருக்கறப்ப என்னங்க பேச்சு இது?" என்று அவள் திட்டினாள். நான் சொன்னதில் ஒன்றுகூடப் பிசகவில்லை.

செய்தி வந்தபோது நான் பலாமரத்தின் உச்சியில் இருந்தேன். ஒரு காதுகுத்து வீட்டுக்காகக் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். மைக் செட் என் தொழில். என் மனைவி போனில், "மொதல்ல மரத்த உட்டு எறங்குங்க. எறங்குனாத்தான் சொல்லுவேன்" என்றாள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இறங்கினேன். காதுகுத்து வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, பாட்டை நிறுத்தி, அதே மைக்கில் நான்தான் அறிவித்தேன். அந்த அறிவிப்பு அடிவாரத்துப் புளியஞ்சோலை வரைக்கும் கேட்டது என்கிறார்கள். அப்படிச் சொன்னவன் நான்தான். ஆனாலும் கேட்டிருக்கும்.

எங்கள் மலையூரான சோளக்காட்டு வியாபாரிகள் அவருக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். உறவுக்காரர் என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள். நான் எட்டாவது வரை போனவன். பாஸா என்று கேட்கவேண்டாம். அவர் ஐந்தாவதோடு நின்றவர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மலையில் குண்டனி நாடு என்கிற பகுதியில் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள் நாங்கள் இருவரும். அக்காளைக் கட்டியவன் நான், தங்கை செல்லம்மாவைக் கட்டியவர் அவர். முறைப்படி மூத்த மருமகனுக்குத்தான் முதல் மரியாதை. எனக்கும் அது இரண்டு வருடம் கிடைத்தது. பிறகு மாமனாரின் காட்டுக்கு எல்லை அளக்கவேண்டி வந்தது. அளக்கவேண்டியவர் "அடுத்த வாரம் வர்றேன்" என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் ஆபீசுக்குப் போய் ஒரு மணி நேரம் சத்தம் போட்டேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் வெள்ளையன் அவர்கள் போனார். அவர் கேட்டது இரண்டே வார்த்தை.

"எந்தக் கிழமைங்க?"

"அதான் அடுத்த வாரம்னு சொல்றனே."

"சரிங்க. அதுல எந்தக் கிழமைங்க?"

அந்த மனிதர் நாள்காட்டியைப் பார்த்து, தலையைச் சொறிந்து, புதன்கிழமை என்றார். புதன்கிழமை அளக்கிற சங்கிலியோடு வந்து நின்றார். அன்றிலிருந்து மாமனார் எந்தக் காரியமானாலும், "சின்ன மாப்பிள்ள என்ன சொல்றாரு?" என்று கேட்க ஆரம்பித்தார். மூத்த மாப்பிள்ளை அங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன், காப்பி டம்ளரோடு.

வெள்ளையன் அவர்களுக்குச் சோளக்காட்டில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, அன்னாசியும் மிளகும் விற்கிற தகரக்கொட்டகைக் கடை. பள்ளிக்கூடத்தில் புதுப் பலகை வந்தபோது பழைய கரும்பலகையை வாங்கி வந்து, சாரல் அடிக்காமலிருக்கக் கடையின் பின்புறத்தில் சாத்தி வைத்திருந்தார். வேறு உத்தேசம் எதுவும் அப்போது இல்லை.

அந்த வருடம் கிராமசபைக் கூட்டத்துக்கு வந்த ஓர் அதிகாரி, ஐப்பசிக்குள் ரோடு போட்டுத் தருகிறோம் என்று பேசினார். எல்லோரும் கைதட்டினோம். மைக் என்னுடையது, சத்தம் நன்றாக இருந்தது. கூட்டம் கலையும்போது வெள்ளையன் அவர்கள் எழுந்து, "ஏனுங்க, எனக்கு மறதி ஜாஸ்தி. எழுதி வெச்சுக்கறனுங்க" என்றார். தாராளமாக என்றார் அதிகாரி. நோட்டில் எழுதுவார் என்று நினைத்திருப்பார். மறுநாள் காலை எட்டு மணி பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் அதைக் கடை முன்னால் வந்து நின்ற அந்தக் கரும்பலகையில் படித்தார்கள். பெயர், பதவி, சொன்ன சொல், சொன்ன நாள். அவ்வளவுதான். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, ஆச்சரியக்குறிகூடக் கிடையாது.

எழுத்து என்னமோ எங்கள் மலைப்பாதை மாதிரி எழுபது வளைவு வளைந்துதான் இருக்கும். நானாக இருந்தால் அச்சடித்தது போல எழுதியிருப்பேன். ஆனால் எனக்கு அது தோன்றவில்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் எனக்கு ஆறவில்லை.

எழுத்து மங்கினால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சாக்பீஸ் எடுத்து அதன்மேலேயே எழுதுவார். சொன்னது நடந்துவிட்டால் தோளில் கிடக்கும் துண்டைக் குழாயடியில் நனைத்துப் பிழிந்து, எல்லோரும் பார்க்க அந்த வரியை அழிப்பார். சம்பந்தப்பட்டவர் வந்திருந்தால் மிளகுத்தூள் தூவிய அன்னாசித் துண்டு ஒன்று கையில் கொடுப்பார். ரோடு போட்ட அதிகாரி அந்த அன்னாசியைத் தின்றுவிட்டு, கலெக்டர் கையால் மெடல் வாங்கியவர் போல நின்றார்.

பேங்க் பெரிய மேனேஜர் கதையை இந்த மலையில் தெரியாதவர் இல்லை. ஆனாலும் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். முதியோர் உதவித்தொகை வாங்கக் கிழவன் கிழவிகளெல்லாம் பனியில் நடந்து வந்து பேங்க் வாசலில் குந்தியிருப்பார்கள். உள்ளே மிஷின் வேலை செய்யாது, அல்லது ஆள் வந்திருக்கமாட்டார். ஒருமுறை நகரத்திலிருந்து பெரிய மேனேஜர் வந்தார். பல ஊர்க் கிளைகளுக்குத் தலைவர். அவர் சம்பளத்தில் எங்கள் ஊரையே விலை பேசலாம் என்று சொல்லிக்கொண்டார்கள். மேடையில் நின்று, இனி மாதம் ஒருநாள் எங்கள் ஆளே ஊர் ஊராக வந்து பணம் கொடுப்பார் என்று அறிவித்தார். மறுநாள் அவர் பெயரும் பலகையில் ஏறியது.

ஆறு மாதம் ஆனது. ஒருவரும் வரவில்லை. சுற்றுலா வந்தவர்கள் பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோ எப்படியோ சுற்றி, பெரிய மேனேஜரின் மேலதிகாரிகள் போனுக்கே போய்விட்டது. மனிதர் காரைப் போட்டுக்கொண்டு மேலே வந்தார். கூடவே ஒரு போலீஸ்காரர். மேனேஜர் முகம் கொண்டை ஊசி வளைவுகளில் வெளுத்துப் போயிருந்தது. பாதி கோபம், பாதி தலைசுற்றல். நானும் அங்கே இருந்தேன்.

"யாரைக் கேட்டு என் பேரை எழுதினீங்க? அழிங்க மொதல்ல!"

"அழிச்சுப்புடலாமுங்க. ஒங்க ஆளு வந்தன்னிக்கு."

"நான் யாரு தெரியுமா? என் பொறுப்பு என்னன்னு தெரியுமா?"

"தெரியுமுங்க. அதையும் எழுதிருக்கறனுங்களே, பேருக்குப் பக்கத்துல."

போலீஸ்காரர் பலகையை மேலிருந்து கீழாகப் படித்தார். "சார், இதுல பொய் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். மேனேஜர், "பொய் இல்லை, ஆனா..." என்று இழுத்தார். போலீஸ்காரர் அதற்குள் நாலாவது வரிக்கு வந்திருந்தார். அது அவர்கள் ஸ்டேஷன் கொடுத்திருந்த ஒரு வாக்கு. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வண்டியைத் திருப்பி நிறுத்தப் போகிறேன் என்று போய்விட்டார்.

அப்போது வெள்ளையன் அவர்கள் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன். அதில் என் கைச்சரக்கு எதுவும் இல்லை. "சார், ஒங்க சம்பளம் எவ்வளவுன்னு நான் கேக்கலீங்க. அது ஒங்க படிப்புக்கு வந்தது, ஒங்களுது. ஒங்க வாயில இருந்து வந்த சொல்லு எங்களுதுங்க. அத நம்பிக் கெழடுக எல்லாம் பனியில ஒக்காந்திருக்குதுங்க. அதத்தான் கேக்கறனுங்க."

அடுத்த மாதம் பேங்க் ஆள் ஜீப்பில் வந்தார். பெரிய மேனேஜரும் வந்தார். டை கட்டியபடி அன்னாசி தின்றார். தன் பெயர் அழிந்த இடத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார். எனக்குத் தூக்கம் போனது அந்த வாரம்தான். ஊரில் எவ்வளவோ விசேஷங்களில் நான் பேசியிருக்கிறேன், ஆயிரம் வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரில். ஒரு பெரிய மனிதரும் என் பேச்சைக் கேட்டு ஒரு துரும்பை நகர்த்தியதில்லை. இவர் வாயைக்கூட முழுதாகத் திறக்காமல் பேசுகிறவர்.

அந்த வேகத்தில்தான் நான் வார்டு மெம்பருக்கு நின்றேன். ஜெயித்தேன். வித்தியாசம் எத்தனை ஓட்டு என்று கேட்காதீர்கள், பெரிய வித்தியாசம். ஜெயித்த கூட்டத்திலேயே, சுடுகாட்டுக்கும் பேங்குக்கும் போகிற வழியில் இருக்கிற ஓடைப் பாலத்துக்குப் பொங்கலுக்குள் இரும்புக் கைப்பிடி போடுவேன் என்று என் மைக்கிலேயே முழங்கினேன். அந்தப் பாலம் இரண்டு ஆள் அகலம்தான். மழைக்காலத்தில் பாசி பிடித்துவிடும். கிழவிகள் உட்கார்ந்தபடியே நகர்ந்து கடப்பார்கள்.

மறுநாள் பலகையில் என் பெயர். பழனிமுத்து, வார்டு மெம்பர், ஓடைப் பாலத்துக்குக் கைப்பிடி, பொங்கலுக்குள். நேரே கடைக்குப் போனேன்.

"ஏனுங்க சகலை, நாம சொந்தக்காரங்க இல்லீங்களா?"

"அதனாலதானுங்க ஒங்க பேர மட்டும் கொஞ்சம் பெருசா எழுதிருக்கறன்."

கடையிலிருந்த செல்லம்மா சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்த பஸ்ஸில் மாமனார் வந்து இறங்கினார். கண்ணாடியை மாட்டிப் படித்தார். "மாப்பிள்ள, பொங்கல் கிட்டத்துல வந்துருச்சுங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு அன்னாசி வாங்கிக்கொண்டு போனார்.

நான் விடுவேனா? பொங்கலுக்கு முந்தின நாள் கைப்பிடி போட்டு முடித்தேன். வெள்ளையன் அவர்கள் பாலத்தை இரண்டு முறை நடந்து பார்த்தார். அன்று மாலை பஸ் ஸ்டாண்டில் ஊரே கூடியிருக்க, துண்டை நனைத்து என் பெயரை அழித்தார். என்னைக் கட்டிப்பிடித்து, "பெரிய மாப்பிள்ளைன்னா பெரிய மாப்பிள்ளதானுங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

போன மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சுச் சளி கட்டிக்கொண்டது. கீழே ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தார். "பஸ்ஸு சத்தம் கேக்காம ஒறக்கம் வரலீங்க" என்று சொல்லி வீட்டுக்கே வந்துவிட்டார். நான் பார்க்கப் போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கியது. "சகலை, துண்டு நனைச்சு வெச்சிருக்கறனுங்க" என்றார். காய்ச்சலுக்கு நெற்றியில் போடுகிற துண்டைச் சொல்கிறார் என்று அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள். அதற்கு நாலாம் நாள் போய்விட்டார்.

இதுவரை படித்த மலைக்காரர்கள் ஓர் இடத்தில் சிரித்திருப்பார்கள். அல்லது காறித் துப்பியிருப்பார்கள். வெளியூர்க்காரர்களை ஏமாற்றிவிடலாம், இவர்களை முடியாது. இவர்கள் தினமும் அந்தப் பாலத்தில்தான் நடக்கிறார்கள்.

கைப்பிடி இல்லை. பொங்கலுக்கு முந்தின நாள் நான் கட்டியது மூங்கில். முதல் மழையிலேயே ஓடை அதைக் கொண்டுபோய்விட்டது. அவர் என் பெயரை அழிக்கவும் இல்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. பதவிக்காலம் முடிந்தபோது, "இப்ப நான் மெம்பர் இல்லீங்களே, அழிச்சுடுங்க" என்று கேட்டேன். "பதவி போச்சுங்க. சொல்லு அங்கியேதான நிக்குது" என்றார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் மேலெழுதினார். பேங்க்காரர், ரோட்டுக்காரர், போலீஸ் ஸ்டேஷன் எல்லோரும் அழிந்துபோய்ப் பலகையில் மிச்சமிருப்பது நான் ஒருவன்தான்.

பாடையைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். பாலத்தில் நாலு பேர் சேர்ந்து நடக்க முடியவில்லை. பக்கவாட்டில் திரும்பி, அடிமேல் அடியாக நகர்ந்தோம். நடுவில் என் கால் பாசியில் வழுக்கியது. பாடை ஒருபக்கம் சாய்ந்து, பின்னால் வந்த பையன்கள் தாங்கிப் பிடித்தார்கள். யாராவது திட்டியிருந்தால் தேவலை.

திரும்பி வந்தபோது பெரிய மேனேஜர் கடை முன்னால் நின்றிருந்தார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், தலை நரைத்துவிட்டது. பலகையைப் பார்த்துக்கொண்டே என்னிடம், "ஒரு பேரு இன்னும் இருக்கே, யாருங்க இந்தப் பழனிமுத்து?" என்று கேட்டார். "தெரியலீங்களே" என்றேன். செல்லம்மா உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே வந்து, வெள்ளையன் அவர்களின் துண்டைப் பலகையின் ஆணியில் மாட்டிவிட்டு, "இது இங்கியே இருக்கட்டும் மச்சான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது.

இனி மேலெழுத ஆள் கிடையாது. நான் ஒன்றும் செய்யவேண்டாம், சும்மா இருந்தால் போதும். நாலு சாரல் அடித்தால் தானாக மங்கிவிடும். அவர் போனதில் எனக்கு ஒரு நிம்மதியும் வந்தது என்பதை இந்த மலரில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

சகலை, நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலை பஸ் வருவதற்கு முன்னால் கடைக்குப் போய், உங்கள் டப்பாவிலிருந்து சாக்பீஸ் எடுத்து, என் பெயரின் மேல் நானே எழுதிவிட்டு வந்தேன். இந்தத் தை முடிவதற்குள் என்று நாளையும் மாற்றிப் போட்டிருக்கிறேன். இரும்புக் குழாய்க்குச் சொல்லியாகிவிட்டது. இதை யாரும் நம்பவேண்டாம், பாலத்துக்கு வந்து பாருங்கள். துண்டு ஆணியிலேயே காய்ந்துகொண்டு கிடக்கிறது, நான் தொடவில்லை. போய் வாருங்கள், சகலை. ஆனால் ஒன்று, பலகையில் எழுத்து இப்போதுதான் நேராக இருக்கிறது.