மேடை ஏறிய பின்

துஷாந்தினி பல்கலைக்கழகத்தில் ஒலி, இசைத் தொழில்நுட்பம் படிக்கிறாள் என்றால், கொழும்பு கொட்டாஞ்சேனைச் சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்றுதான். "அப்ப திருவிழாவுக்கு மைக் கட்டப் போறியா?" கொச்சிக்கடைப் பண்டசாலையில் மூட்டை தூக்கும் அவளுடைய அப்பா ஜீவராஜ் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னார்: "ஆமா, கட்டுவா. நீங்க உளர்றது நாலு பேருக்குக் கேக்க வேணாமா?"

இறுதி வருடத்தில் ஒரு முழு நிகழ்ச்சியை நேரடியாகப் பதிவு செய்து ஒப்படைக்க வேண்டும். பாட்டு, மிருதங்கம், சலங்கை என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக, சுத்தமாக விழவேண்டும். தவறினால் அந்த வருடமே போயிற்று. வெள்ளவத்தையில் மிதுனா என்ற பெண்ணின் நடன அரங்கேற்றம் கிடைத்தது. பதிவோடு மண்டபத்தின் ஒலியமைப்பையும் அவளே பார்ப்பதாகப் பேச்சு. அவளுடைய தாய் கனகேஸ்வரி, "ஓம் பிள்ளை, வடிவாச் செய்யும்" என்று மனதார ஒப்புக்கொண்டார்.

அன்று காலையே மண்டபத்துக்குப் போய், மேடையில் எல்லா மைக்குகளையும் துஷாந்தினி தன் கையால் வைத்தாள். மாலையில் விளக்கேற்றி, நடராசருக்குப் பூசை முடிந்து, ஆட்டம் தொடங்கியது. மூன்றாவது உருப்படியில் மிருதங்கத்தின் மைக் தாங்கி தளர்ந்து தலை கவிழ்ந்தது. பதிவில் மிருதங்கம் போய், மேடைப் பலகை அதிரும் சத்தம் மட்டும் விழுந்தது. அடுத்தது வர்ணம். அரங்கேற்றத்தின் உயிரே அதுதான். அவளுடைய பரீட்சைக்கும் அதுதான்.

அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேடையின் பக்கக் கதவுக்கு ஓடினாள். கனகேஸ்வரி குறுக்கே நின்றார்.

"குறை நினையாதையும் பிள்ளை. சுகமில்லாமல் இருக்கிறீரோ?"

எதைக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. இல்லை என்று ஒரு பொய் சொன்னால் கதவு திறந்துவிடும்.

"சுகமாத்தான் இருக்கேன் அன்ரி. பீரியட்ஸ், அவ்வளவுதான்."

"ஐயோ, மெல்லக் கதையும்! அப்ப ஏறாதையும். சாமி இருக்கு. உந்தப் பெடியனை அனுப்பும்."

உந்தப் பெடியன் என்பது ஜெயகுமார். வாடகைக் கடையிலிருந்து பெட்டிகளோடு லொறியில் வந்தவர். நாற்பது வயதைத் தாண்டியவர். அவர் தலையைச் சொறிந்தார். "எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியாதும்மா. நீதானே காதால கேட்டுக் கேட்டு வச்ச."

"காலையில நான்தான் அன்ரி எல்லாம் வச்சேன். அப்பவும் இப்படித்தான் இருந்தேன்."

"அது விளக்கேத்த முந்தி."

விளக்கேற்றும் நேரம் பார்த்துக் கண் விழிக்கும் தீட்டு! அதுவரை பாடகியின் குரலும் மிதுனாவின் சலங்கையும் இந்தப் பெண்ணின் விரல்கள் வழியாகத்தான் சபைக்குப் போய்ச் சேர்ந்தன. ஒருவர் காதிலும் தீட்டு ஒட்டவில்லை. கால் வைத்தால் மட்டும் ஒட்டிவிடுமாம். படித்தவர்கள் நிறைந்த மண்டபம் அது. முன்வரிசையில் இரண்டு டாக்குத்தர்மார் இருந்தார்கள்.

துஷாந்தினி திரும்பினாள். சபையின் நடுவழியே நடந்து, முன்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறினாள்.

"ஆர் உது?"

"சவுண்ட்காரப் பெட்டை."

"மேடையிலயோ!"

அவள் மிருதங்கக்காரரின் பக்கத்தில் குந்தி, மைக்கை நிமிர்த்தி, திருகை இறுக்கினாள். அவர் ஒருமுறை தட்டிக் காட்டினார். இன்னும் கொஞ்சம் சரித்தாள். அவர் தலையசைத்தார். நடராசர் தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றார். விளக்கும் அணையவில்லை. வர்ணம் கணீரென்று பதிவாகியது.

முடிவில் குருவுக்கும் பக்கவாத்தியக்காரருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். ஒப்பனைக்காரருக்கும் வீடியோக்காரருக்கும்கூடக் கிடைத்தது. "ஒலியமைப்பு, திரு ஜெயகுமார்!" அவர் எழும்பி, "நானில்லீங்க, அந்தப் புள்ள" என்று கை காட்டினார். அறிவிப்பாளர் சிரித்துக்கொண்டே அடுத்த பெயருக்குப் போனார்.

வீட்டில் அம்மா ரஜனி தலையில் அடித்துக்கொண்டாள். "இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எதுக்கும்மா? நான் என்ன திருடிட்டா நின்னேன்?"

ஒரு கிழமை கழித்துக் கனகேஸ்வரியிடமிருந்து அழைப்பு வந்தது. குரலில் தேன் வழிந்தது. "வீடியோவில ஒண்டும் வடிவாக் கேக்கேல்லை பிள்ளை. டொரொன்டோவில தம்பியாக்கள் கேட்டுக்கொண்டே இருக்கினம். உம்மட்டை நல்ல பதிவு இருக்காமே?"

"இருக்கு அன்ரி. ஆனா நான் மேடை ஏறுனதுக்கு அப்புறம் பதிஞ்சதுலதான் மிருதங்கம் நல்லா இருக்கு. பரவாயில்லையா?"

கனகேஸ்வரி குரலைத் தாழ்த்தினார்.

"...ஓம். அதையும் அனுப்பும்."

துஷாந்தினி மிதுனாவுக்கு இரண்டு கோப்புகள் அனுப்பினாள். முதலாவதன் பெயர் 'மேடை ஏறுமுன்'. இரண்டாவதன் பெயர் 'மேடை ஏறிய பின்'. பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்ததும் இதே பெயர்களில்தான்.

அன்றிரவே மிதுனாவிடமிருந்து பதில் வந்தது. "அக்கா, பேரை மாத்தச் சொல்லி அம்மா கத்துறா. நான் அப்பிடியே டொரொன்டோவுக்கு அனுப்பிப்போட்டன்."